ஸ்கார்பெட்டா நாவல்கள்: ரிச்மண்ட் பிணவறையிலிருந்து 'ஷார்ப் ஃபோர்ஸ்' வரை

கே ஸ்கார்பெட்டா நாவல் வரிசை, அமெரிக்க எழுத்தாளர் பட்ரீசியா கார்ன்வெல் எழுதிவரும் தடயவியல் குற்றப் புனைவுத் தொடர். முதல் நாவல் 'போஸ்ட்மார்ட்டம்' 1990இல் வெளியானது. 29ஆவது நாவல் 'ஷார்ப் ஃபோர்ஸ்' 2025 அக்டோபரில் வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் டாக்டர் கே ஸ்கார்பெட்டா இதன் நாயகி. சந்தேகத்துக்குரிய மரணங்களில் உடலை அறுத்துப் பார்த்து, இறப்பின் காரணத்தையும் விதத்தையும் எழுதித் தருவது அவருடைய வேலை. துப்பறியும் கதைகளில் பிணம் பொதுவாக முதல் அத்தியாயத்தோடு விடைபெற்றுவிடும். இந்த நாவல்களில் அது கடைசிவரை மேசைமேல் இருக்கிறது.

உலகெங்கும் 10 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்ற எழுத்தாளர் கார்ன்வெல். விற்பனையைவிட முக்கியமானது, இந்த வரிசை தொடங்கிய ஊரும் ஆண்டும். டிஎன்ஏ சோதனை அமெரிக்க நீதிமன்றங்களுக்குள் நுழைந்த அதே சமயத்தில், ரிச்மண்ட் நகரத்தில் முதல் நாவல் எழுதப்பட்டது. அதனால் ஆய்வகத்தின் மீது சமூகம் வைத்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எங்கே அளவு மீறியது என்பதை இந்த நாவல்களின் வழியே தொடர்ந்து பார்க்க முடிகிறது.

எழுத்தாளர் வந்த வழி

கார்ன்வெல் 1956இல் மயாமி நகரில் பிறந்தார். தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்த பிறகு வட கரோலினாவின் மலையூரான மான்ட்ரீட்டில் வளர்ந்தார். 1979இல் டேவிட்சன் கல்லூரியில் பட்டம் பெற்று, 'சார்லட் அப்சர்வர்' நாளிதழில் சேர்ந்து குற்றச் செய்திகள் எழுதினார். 1983இல் வெளியான அவருடைய முதல் புத்தகம் குற்றக் கதை அல்ல. மதப் பிரசாரகர் பில்லி கிரகாமின் மனைவி ரூத் கிரகாமின் வாழ்க்கை வரலாறு அது.

1984இல் அவர் ரிச்மண்ட் நகரில் இருந்த வர்ஜீனியா தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதுவது முதல் பணி. பிறகு கணினிப் பிரிவுக்கு மாறினார். சுமார் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவர் மருத்துவர் அல்லர். ஆனால் பிரேதப் பரிசோதனைகளை அருகிலிருந்து பார்த்தார், குறிப்பெடுத்தார்.

இந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் பல பகுதிகளில் மரண விசாரணையைக் கவனிப்பவர் 'கரோனர்' எனப்படும் அதிகாரி. அவர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படலாம்; மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. வர்ஜீனியா 1946இலேயே அந்த முறையைக் கைவிட்டு, மருத்துவர் தலைமையில் மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பை ஏற்படுத்தியது. ஸ்கார்பெட்டாவுக்குக் கதையில் இருக்கும் அதிகாரம் இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. நகரக் காவல்துறைக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர். அரசியல்வாதிகளுக்கு அவர் தலைவலியாவதும் அதனால்தான்.

அங்கே பணியாற்றிய டாக்டர் மார்செல்லா ஃபியெரோ, அமெரிக்காவில் தடயவியல் நோய்க்குறியியலில் சான்றிதழ் பெற்ற ஆரம்பகாலப் பெண்களுள் ஒருவர். 1994இல் தலைமைப் பதவிக்கும் வந்தார். ஸ்கார்பெட்டாவின் உருவாக்கத்துக்கு அவர் தூண்டுதலாக இருந்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால் மயாமியில் பிறந்த இத்தாலிய வம்சாவளிப் பெண், சமையலில் ஆர்வம் கொண்டவர் என்பன போன்ற நிறங்கள் கார்ன்வெல்லின் கற்பனை.

'போஸ்ட்மார்ட்டம்' எளிதில் வரவில்லை. அதற்குமுன் எழுதிய மூன்று நாவல்கள் நிராகரிக்கப்பட்டன. அவற்றில் நாயகன் ஓர் ஆண் துப்பறிவாளர். ஸ்கார்பெட்டா ஓரத்தில் நின்ற பாத்திரம். அந்த ஓரப் பாத்திரத்தை நடுவே கொண்டுவரும்படி ஒரு பதிப்பாசிரியர் சொன்னார். அதன்படி எழுதிய நாவலையும் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஸ்க்ரிப்னர்ஸ் நிறுவனம் 6000 டாலர் முன்பணம் தந்து வாங்கியது. வெளியானபின் அது எட்கர், க்ரீஸி, ஆண்டனி, மகாவிட்டி விருதுகளைப் பெற்றது.

1987: ரிச்மண்டில் நடந்தது

முதல் நாவலின் பின்னணியில் உண்மையான கொலைகள் இருக்கின்றன. 1987 செப்டம்பர் முதல் ரிச்மண்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் பெண்கள் அவரவர் வீட்டுக்குள்ளேயே, இரவில், கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார்கள். கொலையாளி ஜன்னல் வழியே வந்தான். இறந்தவர்களில் ஒருவர் நரம்பு அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த மருத்துவர். நகரம் பூட்டு வாங்க ஓடியது. டிசம்பரில், சுமார் 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆர்லிங்டனில் அதே மாதிரி ஒரு கொலை வெளிச்சத்துக்கு வந்தது.

ஆர்லிங்டன் காவல்துறையின் துப்பறிவாளர் ஜோ ஹோர்காஸுக்குப் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1984இல் அதே பகுதியில், ஏறக்குறைய அதே முறையில் ஒரு பெண் கொல்லப்பட்டிருந்தார். அந்த வழக்கு முடிந்துபோனது. டேவிட் வாஸ்குவெஸ் என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 35 ஆண்டுச் சிறைத்தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தார். அறிவுத்திறன் குறைந்த அவர், காவலர்களின் நீண்ட விசாரணையில், கனவில் கண்டதுபோல நிகழ்ச்சியைச் சொன்னதுதான் 'ஒப்புதல் வாக்குமூலம்'.

ஹோர்காஸ் இப்படி யோசித்தார்: 1984க்கும் 1987க்கும் இடையில் இந்த மாதிரிக் கொலை ஏதும் இல்லை என்றால், செய்தவன் அந்த இடைவெளியில் சிறையில் இருந்திருக்க வேண்டும். 1984இல் பிடிபட்டு, 1987இல் வெளியே வந்து, ரிச்மண்டிலும் ஆர்லிங்டனிலும் தொடர்பு உள்ள ஒருவன் யார்? பல ஆண்டுகளுக்கு முன் தாம் விசாரித்த ஒரு சிறுவனின் பெயர் அவருக்கு நினைவில் வந்தது. அந்தப் பெயர் திமொத்தி ஸ்பென்சர். வீடு புகுந்து திருடியதற்காகச் சிறை சென்ற ஸ்பென்சர், 1987 செப்டம்பரில் ரிச்மண்டில் இருந்த ஒரு மறுவாழ்வு விடுதிக்கு மாற்றப்பட்டிருந்தான். முதல் ரிச்மண்ட் கொலை அதே மாதத்தில் நடந்தது.

ஸ்பென்சர் 1988 ஜனவரியில் கைதானான். அவனுடைய ரத்தம் நியூயார்க் அருகே இருந்த லைஃப்கோட்ஸ் என்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. அதுவரை ஆய்வகங்கள் ரத்தப் பிரிவையும் சில நொதிகளின் வகையையும் வைத்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். அந்த முறை, 'இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்று சொல்லுமே தவிர, 'இன்னான்' என்று சொல்லாது. டிஎன்ஏ சோதனையோ ஒருவனையே சுட்டியது. 1988 ஜூலையில் ஸ்பென்சர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 1994 ஏப்ரலில் மரண தண்டனை நிறைவேறியது. டிஎன்ஏ சான்றின் அடிப்படையில் கொலைக் குற்றம் உறுதியாகி மரண தண்டனைக்கு உள்ளான முதல் அமெரிக்கர் அவன்.

வாஸ்குவெஸ் 1989 ஜனவரியில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அவருடைய வழக்கின் பழைய மாதிரிகளில் டிஎன்ஏ சோதனை தெளிவான முடிவு எதையும் தரவில்லை. மற்றக் கொலைகளோடு இருந்த ஒற்றுமையை எஃப்பிஐ ஆராய்ந்து, எல்லாம் ஒருவன் கைவரிசையே என்று சொன்னதுதான் அவரை விடுவித்தது. ஒரு நிரபராதி சிறையில் கிடந்த ஆண்டுகளில் ஆய்வகம் அவருக்கு உதவவில்லை; உதவியது ஒரு காவலரின் ஞாபகமும் சந்தேகமும்.

மொத்த வழக்கையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய ஆய்வகம் பெயரைக் கண்டுபிடித்துத் தரவில்லை. யாரோ ஒருவர் கொண்டுவந்த பெயரைச் சரிபார்த்தது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த முறை, அங்கே காலின் பிட்ச்ஃபோர்க் வழக்கில் பயன்பட்டபோதும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தும் அவன் ஆள்மாறாட்டம் செய்து தப்பினான். மதுக்கடையில் ஒருவர் உளறியதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. அந்த வழக்கிலும், செய்யாத கொலையை ஒப்புக்கொண்ட ஓர் இளைஞனை டிஎன்ஏ முதலில் விடுவித்திருந்தது.

நாவலில் என்ன ஆனது

'போஸ்ட்மார்ட்டம்' நாவலில் ரிச்மண்ட் பெண்கள் வீட்டுக்குள் கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறார்கள். புதிதாக இறந்தவர் ஒரு மருத்துவர். இந்த அளவுக்கு நிஜத்தை ஒட்டியிருந்தாலும் கொலையாளியும் அவனைப் பிடிக்கும் வழியும் வேறு. டிஎன்ஏ சோதனை கதைக்குள் வருகிறது. ஆனால் புதிதாக வந்த, நேரம் பிடிக்கும், இன்னும் முழுதாக நம்பமுடியாத ஒன்றாக வருகிறது. உடலின்மேல் லேசர் ஒளியில் மின்னும் ஒரு துகள், வீட்டுக்குள் நுழைந்த கணவர் உணர்ந்த விநோதமான வாடை ஆகியவைதாம் கதையை நகர்த்துகின்றன. மூக்கும் கண்ணும் கையும் வேலை செய்யும் நாவல் அது.

அதில் இன்னொரு சரடும் உண்டு. மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தின் கணினிக்குள் யாரோ அத்துமீறி நுழைகிறார்கள். 1990இல் ஜனரஞ்சக நாவலில் இது புதிது. கணினிப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் எழுதினார் என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. ஸ்கார்பெட்டாவின் பத்து வயது மருமகள் லூசி கணினியில் கெட்டிக்காரி. பின்வந்த நாவல்களில் அவள் வளர்ந்து எஃப்பிஐயில் சேர்கிறாள். முரட்டுத் துப்பறிவாளர் பீட் மரினோ, குற்றவாளிகளின் மனத்தைக் கணிக்கும் பென்டன் வெஸ்லி ஆகியோரும் இந்த நாவலிலேயே அறிமுகமாகிறார்கள். மரினோவுக்குப் பெண் மேலதிகாரி பிடிக்காது. ஆனால் ஊரும் ஆளும் அவருக்குத் தெரியும். ஹோர்காஸ் போன்ற ஒருவரின் பங்கைக் கதையில் அவர் செய்கிறார்.

ஆய்வகம் என்ற நாயகன்

அடுத்த சில ஆண்டுகள் இந்த வரிசையின் பொற்காலம் என்றே சொல்லலாம். 1993இல் வந்த 'க்ரூயல் அண்ட் அன்யூஷுவல்' பிரிட்டனின் கோல்டு டேகர் விருதைப் பெற்றது. மின்னாற்காலியில் இறந்த கைதியின் கைரேகை புதிய கொலை நடந்த இடத்தில் கிடைக்கிறது என்பது அதன் முடிச்சு. கைரேகைக் களஞ்சியத்தையே ஒருவன் மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று அந்த நாவல் கேட்கிறது. ஆய்வகத்தை நம்பும் எழுத்தாளர் ஆய்வகத்தைச் சந்தேகித்த இடம் அது. என் பார்வையில் வரிசையின் மிகச் சிறந்த புத்தகமும் அதுவே.

1994இல் வந்த 'தி பாடி ஃபார்ம்' ஓர் உண்மையான இடத்தை உலகுக்குக் காட்டியது. டென்னசி பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் வில்லியம் பாஸ், நாக்ஸ்வில் நகரில் தானமாகக் கிடைத்த உடல்களைத் திறந்த வெளியில் வைத்து, அவை எப்படிச் சிதைகின்றன என்று ஆராய்ந்துவந்தார். இறந்து எத்தனை நாள் ஆனது என்ற கேள்விக்கு அதுவரை அனுபவ மதிப்பீடுதான் பதில். பாஸ் அதற்கு அளவுகளைத் தேடினார். கார்ன்வெல் தம் கதைக்குத் தேவையான ஒரு சூழ்நிலையைச் சொல்லி, அதில் உடலில் என்ன மாற்றங்கள் தெரியும் என்று கேட்டார். பாஸ் அதற்காகவே ஒரு சோதனை செய்துபார்த்தார். இன்று அந்த ஆய்வு நிலையத்தை எல்லாரும் அழைக்கும் பெயர் இந்த நாவலால் பரவியதுதான்.

ஸ்கார்பெட்டா போட்ட பாதையில் மற்றவர்கள் வந்தார்கள். தடயவியல் மானிடவியலாளரான கேத்தி ரைக்ஸ் 1997இல் 'தேஜா டெட்' எழுதினார். அதன் நாயகியிலிருந்து பின்னால் 'போன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் உருவானது. 2000இல் 'சிஎஸ்ஐ' தொடங்கியது. அதன் பிறகு அமெரிக்க வழக்கறிஞர்கள், நடுவர் குழுவினர் எல்லா வழக்குக்கும் டிஎன்ஏ எதிர்பார்க்கிறார்கள் என்று புலம்பத் தொடங்கினார்கள். இந்த வகைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1907இலேயே ஆஸ்டின் ஃப்ரீமன், போலியாகத் தயாரித்த கைரேகையை வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார். ஆனால் பிணவறையின் அன்றாடத்தை, அதன் தொலைபேசிகளையும் கோப்புகளையும் பட்ஜெட் சண்டைகளையும் கதையாக்கியவர் கார்ன்வெல்.

நிஜ ஆய்வகம்

கதைக்கு வெளியே ஆய்வகத்தின் கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை. 1989இல் வர்ஜீனியா, அமெரிக்க மாநிலங்களில் முதன்முதலாகக் குற்றவாளிகளின் டிஎன்ஏ களஞ்சியத்துக்குச் சட்டம் இயற்றியது. களஞ்சியம் வந்தபின், யாரும் சந்தேகிக்காத ஆளின் பெயரையும் ஆய்வகமே சொல்லும் நிலை உருவானது. அதன் அதிகாரம் பல மடங்கு கூடியது.

அதே மாநிலத்தில் எர்ல் வாஷிங்டன் என்பவர் இருந்தார். அறிவுத்திறன் குறைந்தவர். 1982இல் நடந்த கொலையைத் தாம் செய்ததாக ஒப்புக்கொண்டு மரண தண்டனை பெற்றார். 1985இல் தண்டனை நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது நிறுத்தப்பட்டது. 1993இல் நடந்த டிஎன்ஏ சோதனை அவருக்குச் சாதகமாக இருந்தும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்களே தவிர விடுதலை செய்யவில்லை. 2000இல் இன்னொரு சோதனைக்குப் பிறகுதான் அந்தக் கொலைக்கு மன்னிப்புக் கிடைத்தது. 2005இல் வெளியாரைக் கொண்டு நடந்த தணிக்கை, மாநில ஆய்வகம் அவர் வழக்கில் செய்த சோதனைகளில் பிழைகள் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. ஸ்கார்பெட்டாவின் உலகம் எந்த ஆய்வகத்தைப் போற்றியதோ, அந்த வகையைச் சேர்ந்த ஆய்வகம்தான் இதுவும்.

2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை வந்தது. உட்கரு டிஎன்ஏ சோதனையைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும், ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உறுதியாக இணைக்கும் என்று கடுமையான ஆய்வின் மூலம் நிரூபிக்கப்படவில்லை என்று அது சொன்னது. 2015இல் எஃப்பிஐ, தன் நிபுணர்கள் முடிகளை ஒப்பிட்டு அளித்த பழைய சாட்சியங்களில், பரிசீலித்தவற்றில் குறைந்தது 90 சதவீதத்தில் தவறான கூற்றுகள் இருந்ததாக ஒப்புக்கொண்டது. தொடக்க கால ஸ்கார்பெட்டா நாவல்களில் முடியும் நூலிழையும் எவ்வளவு உறுதியாகப் பேசுகின்றன என்பதை இந்தச் செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கார்ன்வெல்லுக்கே இந்த நம்பிக்கை ஒருமுறை சறுக்கியது. 2002இல் வெளியிட்ட புத்தகத்தில், 1888ஆம் ஆண்டு லண்டனைக் கலங்கடித்த 'ஜாக் த ரிப்பர்' யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அவர் சுட்டியது ஓவியர் வால்டர் சிக்கர்ட்டை. சொந்தப் பணத்தைச் செலவழித்து ஓவியங்களை வாங்கினார். பழைய கடிதங்களின் உறைகளிலும் தபால்தலைகளிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தேடவைத்தார். அந்த வகை டிஎன்ஏ பலருக்குப் பொதுவாக இருக்கக்கூடியது. மேலும், கடிதங்களை எழுதியவனும் கொலை செய்தவனும் ஒருவனே என்பதற்கும் ஆதாரமில்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் அவருடைய முடிவை ஏற்கவில்லை. கே ஸ்கார்பெட்டா அந்தச் சான்றை வைத்துக்கொண்டு சாட்சிக்கூண்டில் ஏறியிருக்க மாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1999இல் வர்ஜீனியாவில் தடயவியல் பயிற்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்படக் கார்ன்வெல் காரணமாக இருந்தார். புத்தகங்களில் வந்த பணத்தில் ஒரு பகுதி நிஜப் பிணவறைகளுக்குத் திரும்பிச் சென்றது.

இறங்குமுகமும் மீட்சியும்

1998இல் 'பாயின்ட் ஆஃப் ஆரிஜின்' நாவலில் பென்டன் வெஸ்லி இறக்கிறார். 2003இல் 'ப்ளோ ஃப்ளை' நாவலில் அவர் உயிரோடுதான் இருந்தார் என்று தெரியவருகிறது. மரணத்தின் உறுதியின்மேல் கட்டப்பட்ட வரிசைக்கு இது பெரிய சேதம். அதே நாவலில் கதைசொல்லும் முறையும் மாறியது. அதுவரை 'நான்' என்று பேசிய ஸ்கார்பெட்டா படர்க்கைக்குப் போனார். 2010இல் 'போர்ட் மார்ச்சுவரி'யில்தான் மறுபடி தன்மைக்கு வந்தார். 2016இல் 'கேயாஸ்' வெளியானபின் ஐந்தாண்டு இடைவெளி.

2021இல் வந்த 'ஆட்டாப்ஸி', ஸ்கார்பெட்டாவை மீண்டும் வர்ஜீனியாவின் தலைமைப் பதவியில் அமர்த்தியது. ஆனால் அதில் விண்வெளியில் சுற்றும் ஆய்வகத்தில் நடந்த மரணத்தையும் அவர் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 2023இல் வந்த நாவலில் பிக்ஃபுட் என்ற கட்டுக்கதை உயிரினத்தின் காலடித் தடம் வருகிறது. 2024இல் வந்ததில் பறக்கும் தட்டு பற்றிய பேச்சு. வாடையையும் துகளையும் வைத்துக் கதையை நகர்த்திய கை, இப்போது வானத்தைப் பார்க்கிறது. பழைய வாசகர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

'ஷார்ப் ஃபோர்ஸ்' இந்த இரண்டு போக்குகளும் சந்திக்கும் புத்தகம். கிறிஸ்துமஸ் காலத்தில் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு கொலையாளி இரவில் வீடு புகுந்து, படுக்கையில் இருப்பவர்களைக் கத்தியால் தாக்குகிறான். தாக்குதலுக்கு முன் ஆவி போன்ற ஓர் ஒளியுருவம் தோன்றுகிறது. அது ஹாலோகிராம். ஆவியும் தொழில்நுட்பமும் அண்மைக் கால நாவல்களின் சரக்கு. இரவு, வீடு, படுக்கையறை என்ற பயமோ 1987 ரிச்மண்டிலிருந்து வந்தது.

தலைப்பு பிணவறைச் சொல். காயங்களை மருத்துவர்கள் முதலில் எதனால் ஏற்பட்டது என்று பிரிப்பார்கள்: மழுங்கிய பொருளின் தாக்குதல், கூரிய பொருளின் தாக்குதல், துப்பாக்கிக் குண்டு என்று. கூரிய பொருளின் காயத்திலும் இரண்டு வகை உண்டு. நீளம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் வெட்டுக்காயம். ஆழம் அதிகமானால் குத்துக்காயம். ஒருமுனைக் கத்தியா, இருபுறமும் கூரானதா என்பதைக் காயத்தின் ஓரங்கள் சொல்லக்கூடும். உள்ளங்கையிலும் முன்கையிலும் உள்ள வெட்டுகள், இறந்தவர் தடுக்க முயன்றார் என்று காட்டும். இதற்கு ஹாலோகிராமும் வேண்டாம், களஞ்சியமும் வேண்டாம். அளவுகோல், கேமரா, பழகிய கண் போதும். இந்த மாதிரியான அறிவு மேலே வரும் பக்கங்களில் 29ஆவது நாவல் முதல் நாவலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரைக்கு வராமலிருந்த ஸ்கார்பெட்டா, 2026இல் பிரைம் வீடியோ தொடராக வந்தார். நிக்கோல் கிட்மன் ஸ்கார்பெட்டாவாகவும், ஜேமி லீ கர்ட்டிஸ் அவருடைய சகோதரி டோரதியாகவும் நடித்திருக்கிறார்கள். கதை இரண்டு காலங்களில் நடக்கிறது; இளம் வயது ஸ்கார்பெட்டாவாக ரோசி மெக்யூவன் தோன்றுகிறார்.